பிலடெல்பியா குரோமோசோம்

"ஜீன் கோளாறு" என்று டாக்டர் சொன்னால் போதும், "உங்க பரம்பரையில யாருக்காவது இருந்துச்சா?" என்று ஆரம்பித்துவிடுவோம். மும்பையில் எங்கள் பில்டிங்கில் ஒருவருக்கு சி.எம்.எல். என்கிற ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும், ஊரில் அவர் பெண்ணுக்கு முடிவாக இருந்த வரன் தட்டிப்போனது. காரணம் இதே கேள்விதான். மருந்துக் கம்பெனி லேபில் குப்பை கொட்டுகிறவன் என்ற முறையில் அந்த நோயின் கதையை எழுதிவிடுகிறேன்.

1960, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம். பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர் இந்த நோயாளிகளின் வெள்ளை அணுக்களை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறார்கள். ஒரு குரோமோசோம் மட்டும் வால் அறுந்தது போலக் குட்டையாக இருக்கிறது. அதற்கு ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது.

அறுந்த வால் எங்கே போனது? பதில் கிடைக்க 13 வருஷம் ஆயிற்று. சிகாகோவில் ஜேனட் ரௌலி என்ற அம்மையார், குரோமோசோம் போட்டோக்களைக் கத்தரித்து வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி ஜோடி சேர்ப்பாராம். 1973-ல் கண்டுபிடித்தார்: 22-ஆம் குரோமோசோமின் துண்டு 9-ல் ஒட்டியிருக்கிறது, 9-ன் துண்டு 22-க்கு வந்திருக்கிறது. பண்டமாற்று!

இங்கேதான் கவனிக்க வேண்டும். இந்த இடமாற்றம் பிறந்த பிறகு, எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில் நடப்பது. கருமுட்டையிலோ விந்தணுவிலோ அது இல்லை. ஆகவே பிள்ளைகளுக்குப் போகாது. மார்பகப் புற்றுநோயில் சில பரம்பரையாக வருவது உண்டு. இது அந்த ரகமில்லை.

சரி, துண்டு மாறினால் நோய் ஏன்? 9-ல் இருக்கும் ஏ.பி.எல். ஜீன் ஒரு புரதத்தைச் செய்கிறது. ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு புரதத்தின் மேல் ஒட்டுவது அதன் வேலை. 'பெருகு' என்ற உத்தரவு செல்லுக்குள் கைமாறிப் போவது இப்படித்தான். வேலை முடிந்ததும் அணைந்துவிடும் சுவிட்சு அது. 22-ல் உள்ள பி.சி.ஆர். ஜீனோடு ஒட்டிக்கொண்டதும் அணையவே மாட்டேன் என்கிறது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சுமார் 11,000-க்குள் இருக்க வேண்டிய வெள்ளை அணுக்கள் லட்சத்தைத் தாண்டிவிடும்.

சுவிட்சு தெரிந்துவிட்டது, அணைக்க மருந்து வேண்டுமே? ஏ.டி.பி. உட்காரும் இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும் மாத்திரை இமாட்டினிப். 1998-ல் பிரையன் ட்ரூக்கர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ சாப்பிட்ட 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணு எண்ணிக்கை சீரானது. 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

அடுத்த பிரச்சினை விலை. நோவார்ட்டிஸின் கிளிவெக், அப்போது மாதம் சுமார் 1,20,000 ரூபாயாக இருந்தது. இந்தியக் கம்பெனிகள் தயாரித்தது சுமார் பத்தாயிரமாக இருந்தது. 2006-ல் காப்புரிமை கிடையாது என்று சொன்னது நம் சென்னை காப்புரிமை அலுவலகம்தான். கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது.

இன்று ஒழுங்காக மாத்திரை சாப்பிடும் பெரும்பாலானோர் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே ஆயுளோடு இருக்கிறார்கள். சிலருக்கு அதே புரதம் இன்னொரு முறை உருமாறி மருந்தை உட்காரவிடாது. அவர்களுக்கும் வேறு மாத்திரைகள் வந்துவிட்டன. உடம்பு தேறிவிட்டதே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நிறுத்துவதோ குறைப்பதோ டாக்டர் சொன்னால் மட்டும்.