முத்துலட்சுமி ரெட்டி (1886–1968)

மருத்துவர், சட்டமன்ற உறுப்பினர், சமூகச் சீர்திருத்தவாதி. பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றத்தில் இடம்பெற்ற முதல் பெண். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் அவ்வை இல்லத்தையும் நிறுவியவர்.

புதுக்கோட்டையில் 1886 ஜூலை 30 அன்று பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள், தேவதாசிகள் வந்த இசை வேளாளர் மரபைச் சேர்ந்தவர். ஊரார் இந்தக் குடும்பத்தை எந்தக் கண்ணால் பார்த்தார்கள் என்பதைச் சிறுமியாக இருந்தபோதே அவர் அறிந்திருந்தார். பின்னாளில் சட்டமன்றத்தில், சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்துப் பேசியபோது அவரிடம் இருந்த உறுதிக்கு இந்தப் பிறப்பையும் ஒரு காரணமாகச் சொல்ல வேண்டும்.

புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் அன்று ஆண்கள் மட்டுமே படித்தார்கள். பெண்ணைச் சேர்த்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதை ஒதுக்கிவிட்டு முத்துலட்சுமியைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் பட்டம் பெற்றார். எழும்பூர் அரசு தாய்–சேய் மருத்துவமனையில் பணியாற்றினார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்ற நிபந்தனையை முன்வைத்து, அவர் ஒப்புக்கொண்ட பிறகே திருமணம் நடந்தது. 1925-ல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றார்.

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு 1921-லேயே வாக்குரிமை கிடைத்துவிட்டது. சட்டசபையில் உட்காரும் உரிமை 1926-ல்தான் வந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய மிகக் குறைந்த வாக்குகளில் தோற்றார். இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் முத்துலட்சுமி நியமன உறுப்பினரானார். மருத்துவத் தொழில் கெட்டுவிடுமோ என்று முதலில் தயங்கியவரைச் சபை தன் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது.

சபையில் அவர் பேசியவற்றில் பெரும்பகுதி ஒரு மருத்துவர் நோயாளிகளிடம் கண்ட குறைகள்: பள்ளிப் பிள்ளைகளுக்கு உடல் பரிசோதனை, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவ வசதி, குழந்தை மணத் தடுப்பு. ஆனால் அவர் பெயரை வரலாற்றில் நிறுத்தியது தேவதாசி ஒழிப்பு முயற்சிதான். அதில் அவர் கையாண்ட வழி கவனிக்கத்தக்கது. கோயில் பணிக்காகத் தாசிகளின் குடும்பங்களுக்கு மானிய நிலம் விடப்பட்டிருந்தது. பணி நின்றால் நிலமும் போகும். அதனால் மகளுக்குப் பொட்டுக்கட்டாவிட்டால் குடும்பத்தின் சோற்றுக்கே வழியில்லை. இந்த முடிச்சை அவிழ்க்காமல் வழக்கத்தைக் கண்டித்து என்ன பயன்? 1929-ல் நிறைவேறிய, இந்து அறநிலையச் சட்டத்துக்கான அவருடைய திருத்தம், கோயில் பணியிலிருந்து அந்தப் பெண்களை விடுவித்து, நிலத்தை அவர்கள் கையிலேயே விட வழி செய்தது. தண்டனையைவிட வாழ்வாதாரத்தை முதலில் யோசித்த இந்தச் சட்டமே அவருடைய அரசியல் பணியில் தலைசிறந்தது.

எதிர்ப்பும் கடுமையாக இருந்தது. சபைக்குள் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி எதிர்த்தார். தேவதாசிப் பெண்களே சங்கம் கூட்டி அரசுக்கு மனு அளித்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் முக்கியமானவர். தங்கள் கலையும் சொத்துரிமையும் பறிபோகும் என்று அவர்கள் அஞ்சியதைப் புறந்தள்ள முடியாது. காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் சகோதரிகளும் நயினாப் பிள்ளையும் இந்த மரபில் வந்த இசை மேதைகள். முத்துலட்சுமி அந்தக் கலையின் பெருமைக்குப் போதிய இடம் தரவில்லை என்ற குறை இன்றும் சொல்லப்படுகிறது. அது நியாயமான குறையே. அதே மரபிலிருந்து வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று இந்த வழக்கத்துக்கு எதிராகப் பிரச்சாரம் செய்தார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1930-ல் பொட்டுக்கட்டுதலை முற்றாகத் தடை செய்யும் மசோதாவைக் கொண்டுவந்தார். அவ்வாண்டு காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியைத் துறந்ததால் அது நின்றுபோனது. தடைச் சட்டம் 1947-ல்தான் வந்தது. இதற்கிடையில், பொட்டுக்கட்டுக்குத் தப்பி அடைக்கலம் தேடி வந்த சிறுமிகளைத் தன் வீட்டிலேயே வைத்துக் காத்தார். 1930களின் தொடக்கத்தில் அவ்வை இல்லம் உருவானது இப்படித்தான்.

தங்கை ஒருத்தி புற்றுநோயில் துடித்து இறந்ததை அருகிலிருந்து பார்த்தவர் அவர். 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டுமென்று கேட்டார். பலரிடம் கையேந்தி, பல ஆண்டுகள் அலைந்த பிறகு 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கியது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள். 1956-ல் பத்மபூஷண் விருது பெற்ற முத்துலட்சுமி, 1968 ஜூலை 22 அன்று காலமானார்.

இன்று நம் காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் வட்டத்துப் பெண்கள் பலருக்கு அவர் பெயர் அறிமுகமாவது மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் மூலம். சாலவாக்கம், மானாம்பதி, களியாம்பூண்டிப் பக்கத்து ஊர்களில் கர்ப்பம் உறுதியானதும் நர்சம்மாவிடம் பதிந்து ‘பிக்மி நம்பர்’ என்னும் கர்ப்பப் பதிவு எண்ணை வாங்குவார்கள். பணமும் ஊட்டச்சத்துப் பெட்டிகளுமாகச் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புள்ள அந்த உதவி அவர் பெயரால் தரப்படுகிறது. நம் மாவட்டத்துக்காரர்கள் புற்றுநோய் சிகிச்சைக்காக அடையாறு வரை போக வேண்டிய கட்டாயமில்லை. காஞ்சிபுரம் அருகே காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. 30 வயது கடந்த பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய்க்கும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இலவசமாகப் பரிசோதனை செய்கிறார்கள். கூச்சப்பட்டுத் தள்ளிப்போடாமல், உங்கள் வீட்டுப் பெண்களை அழைத்துச் செல்லுங்கள்.