கூண்டு முயலும் காட்டு முயலும்: ஊவா மலைநாட்டு வரலாறு புகட்டும் பாடம்

தமிழில் முயல் என்னும் சொல் மிகப் பழையது. வள்ளுவர் படைச்செருக்கு என்னும் அதிகாரத்தில், காட்டு முயலைத் தப்பாது எய்த அம்பினும் யானைக்கு எறிந்து குறி தப்பிய வேலே ஏந்துதற்கு இனியது என்கின்றார். திங்களிற் காணப்படும் மறுவை முயலெனக் கொண்டு வடமொழியாளர் அதனைச் சசாங்கன் என அழைத்தனர். போதிசத்துவர் முயலாகப் பிறந்து, பசித்து வந்த விருந்தினனுக்குத் தம் உடலையே உணவாக ஈந்த கதை பௌத்த சாதகங்களுள் ஒன்றாகும். இங்கெல்லாம் பேசப்படுவது இந்நிலத்துக்குரிய காட்டு முயலே. பதுளையிலும், பசறை, லுணுகலை, அப்புத்தளைத் தோட்டங்களிலும் லயங்களின் பின்புறத்தே பலகைக் கூண்டுகளில் வளர்க்கப்படும் வெள்ளை முயல் அதுவன்று. ஆயின் இரண்டுக்கும் தமிழ் ஒரே பெயரை வழங்கிவிட்டது. அதனால், கூண்டு முயலைக் காட்டில் விடுதல் அதனைத் தாய்வீட்டுக்கு அனுப்புதலே என்னும் மயக்கம் எளிதில் எழுகின்றது.

இம்மயக்கத்துக்குத் துணைபுரியும் சூழ்நிலைகளும் உண்டு. பிள்ளைகள் விரும்பிக் கேட்க ஒரு சோடி முயல் வாங்கப்படுகின்றது. முயல் ஏறத்தாழ 31 நாளிற் குட்டி ஈனும். ஈன்ற சின்னாட்களிலேயே மீண்டும் சினைப்படவும் வல்லது. குட்டிகளும் நாலைந்து மாதத்திற் பருவம் எய்திவிடும். ஆகவே ஓராண்டுக்குள் ஒரு கூண்டு போதாமற் போகின்றது. குடும்பம் வேலை தேடிக் கொழும்புக்குப் பெயரும்போதோ, தீனி தேடுவார் இல்லாதபோதோ, எஞ்சிய முயல்களைத் தேயிலைக்கு அப்பாலுள்ள பத்தனைப் புல்வெளியிலோ காட்டோரத்திலோ விட்டுவிடுதல் எளிய வழியாகத் தோன்றுகின்றது. கொன்று தின்ன மனமின்றி விடுவிப்போர் அதனை ஓர் அறச் செயலாகவே கருதுகின்றனர். அவர்தம் நெஞ்சிலுள்ள இரக்கம் மெய்யானது. அச்செயல் இரக்கத்துக்குப் பொருந்துமா என்பதே ஆராய்தற்குரியது.

முதற்கண் இவ்விரு விலங்குகளின் வேற்றுமையை நோக்குதல் வேண்டும். இலங்கையின் காட்டு முயல் பிடரியிற் கருமை படர்ந்தது. அது வளை தோண்டுவதில்லை. புல்லினிடையே உடல் பதியுமளவு பள்ளத்திற் படுத்திருந்து, பகை நெருங்கியவழித் தன் நெடுங்கால்களின் விரைவையே நம்பி ஓடும். அதன் குட்டிகள் உரோமத்துடனும் திறந்த கண்களுடனும் பிறப்பன. கூண்டு முயலோ ஐபீரியத் தீபகற்பத்தையும் தென் பிரான்சையும் தாயகமாகக் கொண்ட ஐரோப்பிய முயலின் வழிவந்தது. அது வளை தோண்டிக் கூட்டமாக வாழும் இனம். அதன் குட்டிகள் உரோமமின்றிக் கண்மூடிப் பிறக்கும். காட்டு முயலின் உயிரணுவில் 48 நிறமூர்த்தங்களும் மற்றதன் உயிரணுவில் 44 நிறமூர்த்தங்களும் உள்ளன. இரண்டும் கலந்து இனம் பெருக்குவதில்லை. எனவே பெயரொற்றுமையன்றி உறவொற்றுமை நெருக்கமாக இல்லை. கூண்டிலிருந்து விடப்படும் முயல் தாய்வீடு செல்லவில்லை. மொழியறியாத அயல் நாட்டிலே இறக்கப்பட்ட வழிப்போக்கனின் நிலையையே அடைகின்றது.

அயலிலிருந்து வந்த உயிர் ஒன்று ஒரு நாட்டின் வாழ்வை எவ்வாறு மாற்றவல்லது என்பதை அறிய ஊவா மக்கள் நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. 1869ஆம் ஆண்டில், பதுளைக்குக் கிழக்கேயுள்ள மடுல்சீமையின் கல்லூலாத் தோட்டத்திலே கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருக்கக் காணப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்திலிருந்த பூஞ்சண அறிஞர் பேர்க்லிக்கு அனுப்ப, அவர் அதனைப் புதியதொரு பூஞ்சணமென அறிந்து பெயரிட்டார். நோயைப் பொருட்படுத்தாத துரைமார் பலர். கோப்பி விலை உயர்ந்தபடியாற் புதிய காடுகளை வெட்டிக் கோப்பியே நட்டனர். 1880 முதல் 1882 வரை இலங்கையிலே தங்கி ஆராய்ந்த மார்ஷல் வாட், காற்றிலே பரவும் நுண்வித்துக்களாற் பூஞ்சணம் செடிக்குச் செடி தாவுகின்றது என நிறுவினார். ஆயின் அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1884இல் ஓரியன்டல் வங்கி முறிந்தது. கோப்பி வீழ்ந்த மலைகளிற் சிங்கோனாவும், பின்னர் தேயிலையும் ஏறின. அவ்வீழ்ச்சியிலே துரைமார் முதலை இழந்தனர். கோப்பி பறிக்க வந்த தமிழ்த் தொழிலாளர் கூலியை இழந்தனர். பூஞ்சணத்தை எவரும் வேண்டுமென்று அவிழ்த்துவிடவில்லை என்பது உண்மையே. ஆயினும், பரவத் தொடங்கிய உயிரை மீட்டழைக்க இயலாது என்னும் பாடத்தை மடுல்சீமை அன்றே புகட்டியது.

வேண்டுமென்றே விடப்பட்டவற்றின் வரலாறும் இந்நாட்டில் உண்டு. கிழக்கு ஆபிரிக்காவுக்குரிய பெருநத்தை 1847இல் மொறீசியஸ் தீவிலிருந்து பென்சன் என்னும் ஆங்கிலேயரால் கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டு, ஒரு தோட்டத்தில் விடப்பட்டது. இலங்கைக்கு 1900ஆம் ஆண்டளவில் அதனைக் கொணர்ந்தவர், நத்தையினங்களை ஆராய்வதில் ஈடுபாடு கொண்ட ஒலிவர் கொலெற் என்பவர். சில ஆண்டுகளுக்குள் அது பயிர்ப்பகையாயிற்று. இன்று மழைக்கால இரவுகளில் வீட்டுத் தோட்டத்துக் கீரையையும் நாற்றையும் அழிப்பது அதுவே. மாணவருக்குக் காட்டும்பொருட்டு 1939இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியற் பகுதிக்குக் கொணரப்பட்ட சல்வீனியா என்னும் நீர்ப்பாசி வெளியே தப்பிக் குளங்களையும் கால்வாய்களையும் வயல்களையும் மூடியது. ஊவாவின் எல்லையிலே, ஓகியாவுக்கு மேலேயுள்ள ஹோட்டன் சமவெளியில், ஆங்கிலேயர் தம் நாட்டு நினைவாக நட்ட மஞ்சட் பூப்பூக்கும் கோஸ் முட்புதர் புல்வெளியிற் பரவி, பூங்காக் காவலருக்கு ஓயாத வேலையாயிற்று. இம்மூன்றிலும் தீய நோக்கம் எங்கும் இல்லை. ஒருவரை ஆராய்ச்சி விருப்பம் தூண்டியது. ஒருவரைக் கற்பிக்கும் ஆர்வம். ஒருவரைத் தாயக ஏக்கம். நல்லெண்ணம் விளைவைத் தடுக்கும் வேலியாகவில்லை.

முயலின் வரலாறோ உலகறிந்தது. 1859ஆம் ஆண்டு கிறித்துமசு நாளில் அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலத்திலுள்ள பார்வன் பார்க் என்னும் பண்ணைக்கு, தோமஸ் ஒஸ்ரின் வேட்டை விளையாட்டுக்காக வரவழைத்த முயல்கள் வந்து சேர்ந்தன. அவை இரண்டு டசினுக்கு மேற்பட்டவையல்ல. அரை நூற்றாண்டுள் அவற்றின் வழித்தோன்றல்கள் கண்டத்தின் பெரும்பகுதியை மேய்ந்துவிட்டன. மேற்கு அவுஸ்திரேலிய அரசு 1901 முதல் 1907 வரை 3,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேலியை எழுப்பியும் முயல் தடைப்படவில்லை. 1950இல் முயலுக்கே உரிய கொள்ளைநோய்க் கிருமி பரப்பப்பட்டது. எண்ணற்ற முயல்கள் கண் வீங்கிக் குருடாகி இறந்தன. எஞ்சியவை நோயைத் தாங்கும் வலிமை பெற்று மீண்டும் பெருகின. அளவிறந்த உயிர்களைக் கொல்லும் கட்டாயம் ஒரு பண்ணையிலே அவிழ்த்துவிடப்பட்ட சிலவற்றாலேயே நேர்ந்தது.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். ஒஸ்ரின் கொணர்ந்தவற்றுட் காட்டுக்குருதி உடையவை இருந்தன. அதற்கு முன்னர் 1788 முதலே அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுவரப்பட்ட வளர்ப்பு முயல்கள் அக்கண்டத்தில் அவ்வாறு பெருகவில்லை. மரபணு ஆராய்ச்சியும் 2022இல் இவ்வேற்றுமையைச் சுட்டியது. அன்றியும் ஊவாவின் மலைகள் முயலால் அழிந்ததில்லை. ஆகவே லயத்து முயலை விடுதலால் யாது தீங்கு?

இத்தடை ஓரளவு நியாயமானதே. ஆயின் இதற்கு விடை பசிபிக் பெருங்கடலிலுள்ள லேசான் என்னும் சிறு தீவில் உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறைச்சி வாணிபம் கருதி அங்கே விடப்பட்டவை வளர்ப்பு முயல்களே. இருபது ஆண்டுகளுள் 26 வகைச் செடிகள் அத்தீவிலிருந்து மறைந்தன, பசுந்தீவு மணற்காடாயிற்று. 1923இல் ஆராய்ச்சியாளர் சென்று இறுதி முயல்களை ஒழித்தபோது, அத்தீவுக்கே உரிய பறவையினங்கள் சில அங்கு அழிந்தும் அழியுந் தறுவாயிலும் இருந்தன. எனவே வளர்ப்பு முயல் ஓரிடத்திலே மடிந்தும், வேறோரிடத்திலே நிலத்தை விழுங்கியும் உள்ளது. எவ்விடத்தில் எது நிகழும் என்பதை விடுவோர் முன்னறிய இயலாது. ஊவாவின் பத்தனைகளோ முயல் விரும்பும் புல் நிலங்கள். அவற்றை அடுத்துள்ள வெலிமடை, பண்டாரவளைப் பகுதிகளில் உருளைக்கிழங்கும் கோவாவும் கரட்டும் போஞ்சியும் விளைகின்றன. பன்றிக்கும் முள்ளம்பன்றிக்கும் அஞ்சி இராக் காவல் இருக்கும் உழவருக்கு இன்னொரு பகையைத் தேடித்தர எவருக்கும் உரிமையில்லை. நோய்ப் பரவலும் எண்ணத்தக்கது. முயலுக்குக் குருதிப்பெருக்கை உண்டாக்கும் ஒருவகைக் கிருமி 2020இல் ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்கிலே வளர்ப்பு முயல்களை மட்டுமன்றி அந்நிலத்துக் காட்டு முயலினங்களையும் கொன்றது.

மறுபுறத்தில், விடப்பட்ட முயல் பெருகாது மடியும் என்றே கொள்வோம். ஊவாவில் அதற்கே வாய்ப்பு மிகுதி. அப்பொழுதும் விடுவித்தவரின் அறம் நிலைபெறவில்லை. நூற்றாண்டுகளாக மனிதன் கையில் உண்டு வளர்ந்த அவ்விலங்கு ஒளியவும் ஓடவும் மறந்தது. அதன் வெண்ணிறம் பச்சைப் புல்லிலே நெடுந்தொலைவிலிருந்தே பகையை அழைப்பது. நரியும் மரநாயும் கீரியும் காட்டுப்பூனையும் கழுகும், இவற்றினும் முன்னதாக லயத்து நாய்களும் அதனை அடைந்துவிடும். அவற்றுக்குத் தப்பினால் மலைநாட்டின் குளிர் மழை இருக்கின்றது. அங்ஙனமாயின் விடுதலை என்பது கொலையை வேறொருவர் கையிற் கொடுத்தலேயன்றி வேறென்ன? கண்காணாத இடத்தில் நிகழ்வதனால் இறப்பு இறப்பாகாமற் போவதில்லை.

இதனால், உயிர்களை ஒரு நிலத்தில் விடுதல் எக்காலும் தகாது என்பது பெறப்படாது. 1930களின் நடுவிலே தேயிலைச் சுருட்டுப் புழு தோட்டங்களை வருத்தியபோது, அப்புழுவையே பற்றி அழிக்கும் சிறு குளவியினம் ஒன்று யாவாவிலிருந்து கொணர்ந்து பரப்பப்பட்டது, புழு அடங்கியது. சல்வீனியாவை உண்ணும் சிறு வண்டினம் ஒன்றும் 1980களில் இலங்கை நீர்நிலைகளில் விடப்பட்டுப் பயன் தந்தது. இவை வேறெதனை உண்ணும், எங்கெங்கே பரவும் என அறிஞர் முன்னரே ஆராய்ந்தனர். ஆராய்ந்து விடுதலுக்கும் சலித்து விடுதலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

முயலுக்குச் செய்யத்தக்க இரக்கம் கூண்டின் வாயிலிலன்றிக் கூண்டு வாங்குமுன்னரே தொடங்குகின்றது. ஆணையும் பெண்ணையும் வேறு வேறாக வைத்தல், கால்நடை வைத்தியரைக் கொண்டு இனப்பெருக்கத்தைத் தடுத்தல், பேண இயலாதவிடத்து வளர்க்க விரும்பும் வேறொருவரிடம் ஒப்படைத்தல் என்பன எவர்க்கும் எட்டும் வழிகள். கையாற் பழக்கிய உயிருக்கு அக்கையே காடாகவும் வீடாகவும் அமைகின்றது. மடுல்சீமையின் கோப்பித் தோட்டங்கள் அழிந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகின்றது. ஒரு சிறு தூளை மீட்டழைக்க மாட்டாது அங்கு ஒரு தலைமுறையே வாழ்விழந்தது. அவ்வரலாற்றைத் தம் முன்னோர் வாயிலாக அறிந்த ஊவா மக்கள், கூண்டைத் திறக்கும் முன் அதனை ஒருகாற் சிந்தித்தல் நன்று.