உலர்திராட்சைப் பயிற்சி

உலர்திராட்சைப் பயிற்சி என்பது ஒரேயொரு உலர்திராட்சையை மிக மெதுவாக, முழுக் கவனத்துடன் உண்ணும் மனப்பயிற்சி ஆகும். மனக்கவனவழி மன அழுத்தத் தணிப்புத் திட்டத்தின் தொடக்க வகுப்பில் இது பெரும்பாலும் கற்பிக்கப்படுகிறது.

வரலாறு

மூலக்கூற்று உயிரியலாளரான ஜான் கபாட்-சின், 1979 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் இத்திட்டத்தைத் தொடங்கினார். மருத்துவத்தால் முழுமையாகத் தீராத நாட்பட்ட வலியுடையோர் பலர் இதில் சேர்ந்தனர். திட்டம் 8 வாரங்கள் நடைபெறும்.

இதன் வேர் பௌத்தத்தில் உள்ளது. பாளி மொழியில் சதி எனப்படும் விழிப்பான கவனமே இதன் அடிப்படை. எண்வழிப் பாதையின் ஏழாம் உறுப்பான இது தமிழில் நற்கடைப்பிடி என வழங்கப்படுகிறது. எனினும் மருத்துவப் பள்ளியில் இது சமயச் சார்பின்றியே கற்பிக்கப்பட்டது.

செய்முறை

1. திராட்சையை உள்ளங்கையில் வைத்து, முன்பு கண்டிராத பொருளைப் போல் உற்று நோக்குதல்.
2. அதன் சுருக்கங்களை விரலால் தடவி உணர்தல்.
3. முகர்தல், அப்போது வாயில் நீர் ஊறுவதைக் கவனித்தல்.
4. மெல்லாமல் நாவின்மேல் சிறிது நேரம் வைத்திருத்தல்.
5. மெதுவாக மென்று, சுவை மாறுவதை அறிதல்.
6. விழுங்கும் எண்ணம் எழுவதைக் கவனித்து, பின் விழுங்குதல்.

இடையில் மனம் வேறிடம் சென்றால், தன்னைக் கடிந்துகொள்ளாமல் மீண்டும் திராட்சைக்குத் திரும்ப வேண்டும்.

நோக்கம்

நாள்தோறும் செய்யும் செயல்களில் பல கவனமின்றியே நடைபெறுகின்றன என்பதை இப்பயிற்சி உணர்த்துகிறது. பின்னர் இதே கவனம் நடத்தல், குளித்தல், பாத்திரம் கழுவுதல் ஆகியவற்றுக்கும் விரிவாக்கப்படுகிறது. வலியுடையோர் இதனை வலியின்பால் செலுத்தும்போது, உடல் உணர்வும் அதைப் பற்றிய அச்சமும் வெவ்வேறானவை என அறிய இயலும். வலி நீங்குதல் உறுதியன்று. வலியோடு வாழும் முறை மாறக்கூடும்.

ஆய்வுகளும் விமர்சனமும்

பதட்டக் கோளாறுடைய 276 பேரிடம் நடத்தப்பட்டு 2022 இல் வெளியான ஆய்வில், இந்த 8 வாரத் திட்டம் எசிட்டலோபிராம் மருந்துக்குக் குறையாத பயன் தந்தது. அதே ஆண்டு வெளியான, ஐக்கிய இராச்சியத்தில் 8,000 க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில், பள்ளிகளில் கற்பித்த மனக்கவனப் பயிற்சி வழக்கமான கல்வியைவிட மிகுந்த பயன் தரவில்லை. எனவே ஒரு சாராருக்கு உதவிய முறை அனைவருக்கும் உதவும் எனக் கொள்ளுதல் பொருந்தாது.

பணிச்சுமை போன்ற சமூகக் காரணங்களைத் தனிமனிதரின் மனக்குறையாக இத்தகைய பயிற்சிகள் காட்டிவிடுகின்றன என்று ரொனால்ட் பர்சர் தம் 2019 ஆம் ஆண்டு நூலில் விமர்சித்துள்ளார்.

இவற்றையும் பார்க்க

- தியானம்
- விபாசனா
- எண்வழிப் பாதை