அபிஷிக்தானந்தர்

அபிஷிக்தானந்தர் (30 ஆகஸ்ட் 1910 – 7 டிசம்பர் 1973) பிரான்சில் பிறந்து இந்தியக் குடிமகனாக மறைந்த கத்தோலிக்கக் குரு. புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவி. இயற்பெயர் ஆன்றி லெ சோ. குளித்தலைக்கு அருகே தண்ணீர்பள்ளியில், காவிரிக் கரையில், சாந்திவனம் என்னும் கிறித்தவ ஆசிரமத்தை 1950இல் ஜூல் மோன்ஷனினுடன் சேர்ந்து நிறுவியவர். அவர் வாழ்வைத் திசைதிருப்பிய இடம் திருவண்ணாமலை. 1949இல் இரமண மகரிஷியைக் காண வந்தவர், 1952 முதல் சில ஆண்டுகள் அடிக்கடி அருணாசல மலைக் குகைகளில் தங்கி, மௌனத்திலும் செபத்திலும் நாள்களைக் கழித்தார். ஒரு சைவத் தலத்தின் நடுவே கிறித்தவ விசுவாசத்தைக் கைவிடாமல் வாழ்வது எப்படி என்ற கேள்விக்குத் தமிழ் மண்ணில் கிடைக்கும் மிக நேர்மையான சாட்சி இவருடைய வாழ்க்கை.

இளமையும் மடவாழ்வும்

பிரான்சின் வடமேற்குக் கடலோரத்தில் பிரித்தானிப் பகுதியில் உள்ள சேன் பிரியாக் என்னும் ஊரில், பக்தி மிகுந்த குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். 1929இல் கெர்கோனனில் உள்ள புனித அன்னம்மாள் மடத்தில் சேர்ந்தார். 1935இல் குருப்பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப்போரில் படைக்கு அழைக்கப்பட்டு, பிடிபட்டு, தப்பி மடத்துக்கே திரும்பினார். வெளி நிகழ்வுகள் என்று பார்த்தால் இந்தப் பத்தொன்பது ஆண்டு மடவாழ்வைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆனால் பிற்காலத்தில் குகையில் அவரைத் தாங்கிய பழக்கம் முழுவதும் இங்கேதான் உருவானது.

ஆசீர்வாதப்பர் (சுமார் 480–547) தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குநூலின் ஏழாம் அதிகாரம் தாழ்ச்சியைப் பற்றியது. அந்நூலின் நீண்ட அதிகாரங்களுள் ஒன்று. தொடக்கநூலில் யாக்கோபு கனவில் கண்ட, மண்ணிலிருந்து விண்ணுக்கு எட்டும் ஏணியை ஆசீர்வாதப்பர் அங்கே எடுத்துக்கொள்கிறார். உடலும் ஆன்மாவும் அந்த ஏணியின் இரு பக்கச் சட்டங்கள். இடையில் பன்னிரண்டு படிகள், பன்னிரண்டும் தாழ்ச்சியின் படிகள். தன்னை உயர்த்துகிறவன் இதில் கீழே இறங்குகிறான். தன்னைத் தாழ்த்துகிறவன் மேலே ஏறுகிறான். இறைவன் எப்போதும் தன்னைப் பார்க்கிறார் என்ற உணர்வு முதற்படி. தன் விருப்பத்தை விடுவது, கீழ்ப்படிவது, அவமதிப்பைப் பொறுப்பது, குறைவாகப் பேசுவது என்று படிகள் தொடர்கின்றன. கடைசிப் படியில் தாழ்ச்சி உள்ளத்தில் மட்டும் நில்லாமல் நடையிலும் பார்வையிலும் தெரிகிறது. விண்ணகத்தின் மீதான ஆசை இந்த மரபில் ஒரு பகற்கனவு அன்று. ஒவ்வொரு நாளும் பாத்திரம் கழுவும் கைகளோடும் நள்ளிரவுச் செபத்தோடும் கட்டப்பட்ட ஒன்று. லெ சோ இந்தியாவுக்கு எடுத்து வந்த பொருள்களில் இதைவிட விலைமதிப்பானது வேறொன்றும் இல்லை.

சாந்திவனம்

இந்தியாவில் துறவு வாழ்க்கை நடத்த விரும்பி அவர் 1947இல் திருச்சிராப்பள்ளி ஆயருக்கு எழுதினார். ஆயர் சார்பில் மோன்ஷனின் (1895–1957) பதில் எழுதினார். லியோன் மறைமாவட்டக் குருவான அவர் 1939 முதல் தமிழகத்தில் இருந்தவர். 1948 ஆகஸ்டில் லெ சோ வந்து சேர்ந்தார். 1950 மார்ச் 21, ஆசீர்வாதப்பர் திருநாளன்று, ஆசிரமம் தொடங்கியது. அதன் முழுப்பெயர் சச்சிதானந்த ஆசிரமம். வேதாந்தம் பரம்பொருளுக்குச் சொல்லும் சத்து, சித்து, ஆனந்தம் என்ற மூன்றையும் தந்தை, மகன், தூய ஆவி என்னும் மூவொரு கடவுளை நோக்கிப் பாடிய வங்கக் கிறித்தவர் பிரம்மபாந்தவ உபாத்தியாயரின் (1861–1907) வழியை அந்தப் பெயர் பின்பற்றியது. மோன்ஷனின் பரம அரூபி ஆனந்தம் என்றும், லெ சோ அபிஷிக்தேஸ்வரானந்தர் என்றும் பெயர் ஏற்றனர். கிறிஸ்து என்ற சொல்லின் பொருள் திருப்பொழிவு பெற்றவர். அபிஷேகம் செய்யப்பட்ட ஆண்டவரில் மகிழ்பவன் என்பது அந்தப் புதுப்பெயரின் கருத்து. பேச்சு வழக்கில் அது அபிஷிக்தானந்தர் ஆயிற்று.

காவி உடை, வெறுங்கால், மரக்கறி உணவு, தரையில் பாய். மதுரையில் 1606இல் தத்துவ போதகர் என்னும் இராபர்ட் தெ நொபிலி தொடங்கிய பாதைதான் என்றாலும் நோக்கம் வேறு. நொபிலி மக்களைத் திருமுழுக்குக்கு அழைக்க அந்தக் கோலத்தை ஏற்றார். சாந்திவனத்தார் யாரையும் மதம் மாற்ற வரவில்லை. இறைவன் முன்னால் சும்மா இருக்க வந்தார்கள். பயன் கண்ணுக்குத் தெரியவில்லை. நிலைத்துத் தங்கும் இந்தியத் துறவிகள் அவர்கள் காலத்தில் சேரவே இல்லை. இந்தத் தோல்வியை அபிஷிக்தானந்தர் நன்றாக உணர்ந்திருந்தார். அதையும் ஏணியின் ஒரு படியாக அவர் ஏற்றுக்கொண்டார் என்றே அவர் கடிதங்களைப் படிப்பவருக்குத் தோன்றும்.

அருணாசலம்

1949 ஜனவரியில் மோன்ஷனின் அவரை இரமணாசிரமத்துக்கு அழைத்துச் சென்றார். பெரிய எதிர்பார்ப்புடன் போன லெ சோவுக்கு முதல் தரிசனத்தில் எதுவும் நடக்கவில்லை. நரைத்த தாடியும் கனிந்த முகமுமாக ஒரு தாத்தா உட்கார்ந்திருந்தார், அவ்வளவே. காலையும் மாலையும் அங்கே ஓதப்பட்ட வேதம்தான் அவரைத் தொட்டது. பிறகு காய்ச்சல் கண்டு படுத்தார். ஆசிரமத்தில் இருந்த ஓர் ஆங்கிலேயப் பெண்மணி அவரிடம் நேராகவே சொன்னார்: நிறைய மூட்டைகளைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறீர்கள், வெறுமையாகக் கேட்க வாருங்கள் என்று. குருப்பட்டம் பெற்றுப் பதின்மூன்று ஆண்டு ஆன ஒருவருக்கு இது எளிதில் இறங்கும் மருந்து அல்ல. அவர் அதை விழுங்கினார். பின்னாளில் தம் திருவண்ணாமலை நினைவுகளின் நூலில் அந்த அம்மையாரின் சொல்லை மறைக்காமல் எழுதியும் வைத்தார். அவருடைய தாழ்ச்சிக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இரமணர் கிறித்தவத்துக்கு அந்நியர் அல்லர். மதுரையில் அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்தவர். 1896 செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலை வந்தபின் ஊரை விட்டு நீங்காதவர். எரியும் முட்செடியில் மோசேக்கு இறைவன் சொன்ன பெயரையும், அமைதி கொள்ளச் சொல்லும் 46ஆம் திருப்பாடலையும் வருகிறவர்களிடம் எடுத்துக்காட்டுவது அவர் வழக்கம். அவர் 1950 ஏப்ரல் 14 அன்று மறைந்தார். லெ சோ அவரிடம் அதிகம் கற்றது அவர் போன பிறகு, அந்த மலையிடமிருந்துதான்.

814 மீட்டர் உயரமுள்ள அந்த மலையின் சரிவில், கோயில் கோபுரங்கள் கீழே தெரியும் குகைகளில், 1952 முதல் அவர் தங்கத் தொடங்கினார். சாந்திவனத்துக்குப் போவதும் திரும்புவதுமாகச் சில ஆண்டுகள் கழிந்தன. அந்நாள்களில் பெரும்பாலும் பேசமாட்டார். விடியுமுன் குகைக்குள் தனியாகத் திருப்பலி நிறைவேற்றுவார். அப்பமும் இரசமும் ஒரு கல்லின்மேல். குருக்கள் நாள்தோறும் சொல்ல வேண்டிய கட்டளைச் செபத்தைச் சொல்வார். சாதுக்கள் போலவே ஊருக்குள் இறங்கிப் பிச்சை எடுத்தும் உண்டார். ஐரோப்பியர் என்றால் கொடுப்பவர் என்று பழகிய ஊரில், ஒரு வெள்ளைக்காரர் வாசலில் கையேந்தி நின்றார். கொடுத்த பெண்களுக்கு அவர் எந்த மதம் என்பது பொருட்டாகவே இல்லை. உடைமை இல்லாமை என்று மடத்தில் வாக்குக் கொடுத்தவருக்கு அதன் பொருள் ஒரு பிடி சோற்றில்தான் விளங்கியது.

ஊரில் கிறித்தவர்கள் இல்லாமல் இல்லை. டேனிஷ் மிஷன் பள்ளியும் லுத்தரன் சபையும் இருந்தன, கத்தோலிக்கர்களும் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய், பிள்ளைகளைப் படிக்க வைத்து, நல்ல சாவுக்காகச் செபித்து வாழ்ந்த அந்த எளிய விசுவாசிகளுக்கு மலைமேல் இருந்த சாமியாரோடு அதிகத் தொடர்பு இருந்ததாகத் தெரியவில்லை. இது ஓர் இழப்புத்தான். அவரவர் வழியில் இரு தரப்பும் ஒரே ஏணியில்தான் நின்றிருந்தார்கள்.

1953இல் குகைக்கு ஹரிலால் பூஞ்சா வந்தார். இரமணரின் சீடர், பிற்காலத்தில் லக்னோவில் பலருக்குக் குருவாக விளங்கியவர். செபம், வழிபாடு, தியானம் என்று இன்னும் பிடித்திருக்கும் கடைசிக் கட்டுகளையும் அறுத்துவிடும்படி அவர் வற்புறுத்தினார். அந்தச் சொற்கள் அபிஷிக்தானந்தரை ஆட்டின. ஆனாலும் மறுநாள் விடியலில் திருப்பலி நின்றுவிடவில்லை. இருபது ஆண்டுகள் கழித்துச் சாகும்வரை அவர் குருவாகவே இருந்தார். 1955 இறுதியில் திருக்கோவிலூர்த் தபோவனத்தில் ஞானானந்த கிரி சுவாமிகளைக் கண்டு, அடுத்த ஆண்டு அவர் காலடியில் இரண்டு வாரம் அமர்ந்தபோதும் இதே நிலைதான்.

மோட்சம் என்ற சொல்

நினைத்தாலே முத்தி தரும் தலம் என்று சைவர் போற்றும் ஊர் திருவண்ணாமலை. தமிழ்க் கத்தோலிக்கரும் தலைமுறை தலைமுறையாக விண்ணகத்தை மோட்சம் என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். பாட்டிமார்களின் செபத்தில் இன்றும் அந்தச் சொல் இருக்கிறது. ஒரே சொல்லில் இரண்டு எதிர்பார்ப்புகள் குடியிருக்கின்றன. ஒன்று, பிறவிக் கட்டு அறுந்து நான் என்பது கரைந்துபோகும் விடுதலை. மற்றொன்று, உயிர்த்தெழுந்த ஆண்டவரை முகமுகமாகக் காணும் வீடு. அங்கே நான் அழிவதில்லை, அன்பு செய்யப்படுகிறேன். அபிஷிக்தானந்தர் இந்த வேறுபாட்டைச் சொற்சாதுரியத்தால் மூடவில்லை. இறைவனும் ஆன்மாவும் இரண்டல்ல என்னும் அத்வைத அனுபவம் உண்மையானால் மூவொரு கடவுளும் மீட்பும் எங்கே நிற்கின்றன என்று தம் நாட்குறிப்பில் ஆண்டுக்கணக்காகத் தம்மையே வதைத்துக் கேட்டார். திருச்சபையை விட்டு விலகிப் போகிறோமோ என்ற அச்சம் அதில் வெளிப்படையாக இருக்கிறது.

அவர் முடிவாகக் கண்டது ஒரு கோட்பாடு அன்று. விண்ணரசு சாவுக்குப் பின்னால் தொடங்கும் தூரத்து ஊர் மட்டும் அல்ல, உள்ளத்தின் குகையில் இப்போதே திறந்திருக்கும் வாசல் என்பதே அவர் பற்றிக்கொண்ட நம்பிக்கை. யோவான் நற்செய்தியில் இயேசு தந்தையோடு கொண்ட ஒன்றிப்பைப் பற்றிப் பேசும் அதிகாரங்களை அவர் இந்த வெளிச்சத்தில் படித்தார். இது விண்ணகத்தின் மீதான நம்பிக்கையைக் குறைத்துவிட்டது என்று சிலர் சொல்வர். குறைக்கவில்லை, அவசரமாக்கியது என்பது என் எண்ணம். நாளைக்கு என்று தள்ளிவைக்க முடியாத ஒன்றாக அது அவருக்கு ஆயிற்று.

எதிர்ப்பும் ஐயமும்

முதல் ஐயம் உடனிருந்தவரிடமிருந்தே வந்தது. அத்வைதத்துக்குள் இவ்வளவு ஆழமாக இறங்குவதை மோன்ஷனின் கவலையோடு பார்த்தார். கிறித்தவ விசுவாசத்தின் தனித்தன்மை கரைந்துவிடும் என்பது அவர் அச்சம். இருவருக்கும் இடையே இடைவெளி விழுந்தது. 1957இல் சிகிச்சைக்காகப் பிரான்சு சென்ற மோன்ஷனின் அக்டோபர் 10 அன்று பாரிசில் காலமானார்.

இன்னொரு விமர்சனம் பின்னாளில் தலித் இறையியலாளர்களிடமிருந்து வந்தது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. தமிழ்க் கிறித்தவரில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்தவர்கள். எந்தச் சடங்கும் சமற்கிருதமும் தங்கள் முன்னோரை வாசலுக்கு வெளியே நிறுத்தியதோ, அதையே இந்தியப் பண்பாடு என்று பீடத்தில் ஏற்றுவது யாருக்காக என்று அவர்கள் கேட்கிறார்கள். ஆசிரம இயக்கம் முழுவதும் எதிர்கொள்ள வேண்டிய நியாயமான கேள்வி இது. அபிஷிக்தானந்தர் எழுத்தில் இதற்கு நிறைவான விடை இல்லை.

வடக்கும் முடிவும்

1957 முதல் இமயமலைப் பக்கம் அவர் மனம் சாய்ந்தது. 1960இல் இந்தியக் குடியுரிமை பெற்றார். உத்தரகாசியில் கங்கைக் கரையில் ஒரு சிறு குடில் அமைத்துக்கொண்டார். 1964இல் இறையியலாளர் ரைமோன் பணிக்கருடன் கங்கோத்திரிக்கு நடந்து சென்று, ஆற்றின் தலைப்பகுதியில் திருப்பலி நிறைவேற்றினார். 1968இல் சாந்திவனத்தை ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸிடம் (1906–1993) ஒப்படைத்துவிட்டு, வடக்கிலேயே தங்கினார். தாம் நிறுவியதை விட்டுக்கொடுத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போவது ஆசிரமங்களில் அடிக்கடி நடப்பதில்லை.

1973 ஜூலை 14 அன்று ரிஷிகேசத்தில் பேருந்தைப் பிடிக்க ஓடியபோது மாரடைப்பால் தெருவிலேயே விழுந்தார். அந்த வீழ்ச்சியைத் தம் வாழ்வின் பெரிய அருளாக அவர் எழுதினார்: வாழ்வும் சாவும் இரண்டு நிலைகள் மட்டுமே, தாம் தேடியது இரண்டுக்கும் அப்பால் எப்போதும் இருந்தது என்று. அதன்பின் ஏறக்குறைய ஐந்து மாதங்கள் உடல் தளர்ந்து, பிறர் கையை எதிர்பார்த்து, பெரும்பகுதி இந்தோரில் கன்னியரின் பராமரிப்பில் இருந்தார். ஆசீர்வாதப்பர் சொன்ன கடைசிப் படி இதுவாகத்தான் இருக்க வேண்டும்: பேசவும் எழுதவும் பெரிதாக எதுவும் மிஞ்சாமல், கொடுத்ததை வாங்கிக்கொண்டு கிடப்பது. டிசம்பர் 7 அன்று அங்கேயே இறந்தார்.

திருவண்ணாமலை நினைவுகளை அவர் எழுதிய நூல் அவர் மறைவுக்குப் பின்னரே வெளிவந்தது. பிரெஞ்சில் 1978, ஆங்கிலத்தில் 1979. நாட்குறிப்பைப் பணிக்கர் பதிப்பித்து 1986இல் வெளியிட்டார். அவரைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் இறையியல் நூல்களை விட்டு, முதலில் இந்த இரண்டையும் படிப்பது நல்லது.

இந்தோரில் அடக்கம் செய்யப்பட்ட அவர் உடலின் எச்சங்கள் 1995இல் சாந்திவனத்துக்குக் கொண்டுவரப்பட்டன. காவிரிக் கரையில் அந்த ஆசிரமத்தின் கோயிலுக்கு அருகே, பீட் கிரிஃபித்ஸின் கல்லறையோடு, அவருடைய கல்லறையும் இருக்கிறது.