மேபிளவருக்கு ஒரு திரைப்படம், சன் சீக்கு ஒரு வழக்கு

1952ஆம் ஆண்டு ஹொலிவூட்டின் எம்.ஜி.எம். நிறுவனம் ‘பிளிமத் அட்வெஞ்சர்’ என்ற படத்தை வெளியிட்டது. 1620இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா நோக்கிப் புறப்பட்ட ‘மேபிளவர்’ கப்பலின் பயணமே அதன் கதை. கிளாரன்ஸ் பிரவுண் இயக்கிய கடைசிப் படம் இது. கப்டன் கிறிஸ்தோபர் ஜோன்ஸாக ஸ்பென்சர் ட்ரேசி நடித்தார். நடுக்கடல் புயலில் கப்பல் படும் பாட்டைக் காட்டிய சிறப்புக் காட்சிகளுக்காக இந்தப் படத்துக்கு ஒஸ்கார் விருது கிடைத்தது.

எழுபது வருடங்களுக்கு மேல் பழையதாகிவிட்ட இந்தப் படத்தை ஓர் ஈழத்தமிழர் இன்று பார்த்தால், அதில் வரும் பல விடயங்கள் அந்நியமாகத் தெரியாது. சரக்குக் கப்பலின் கீழ்த்தளத்தில் நெருக்கியடித்துக் கிடக்கும் குடும்பங்கள், குறைந்துகொண்டே போகும் தண்ணீர், நோய், கரை வருமா என்ற கேள்வி எல்லாம் 1980களுக்குப் பிறகு எமது வீடுகளில் தாழ்ந்த குரலில் சொல்லப்பட்ட கதைகள்தான். ஆனால் அவர்களின் பயணம் ஒரு தேசத்தின் தொடக்கக் கதையாகப் பாடப்புத்தகத்திலும் திரையிலும் இருக்கிறது. எம்மவரின் பயணம் பெரும்பாலும் பொலிஸ் அறிக்கைகளிலும் நீதிமன்றக் கோவைகளிலும் கிடக்கிறது.

படமும் வரலாறும்

மேபிளவரில் 102 பயணிகள் சென்றார்கள். கடலில் 66 நாட்கள் இருந்தார்கள். கூடவே புறப்பட்ட ‘ஸ்பீட்வெல்’ என்ற கப்பலில் தண்ணீர் கசிந்ததால் அது கைவிடப்பட்டது. நடுவழியில் மேபிளவரின் பிரதான உத்திரங்களில் ஒன்று வெடித்தது. பயணிகள் கொண்டுவந்த பெரிய இரும்புத் திருகாணியால் அதை உயர்த்தி நிறுத்தினார்கள். ஒரு குழந்தை கடலிலேயே பிறந்தது. பயணிகளில் ஒருவர் கடலில் இறந்தார். 1620 நொவெம்பரில் இன்றைய மசசூசெற்ஸ் மாநிலக் கரையை அடைந்தார்கள். அடுத்த வசந்தம் வருவதற்குள் ஏறத்தாழப் பாதிப்பேர் குளிராலும் நோயாலும் இறந்துபோனார்கள்.

படம் இவற்றுள் பலவற்றைக் காட்டுகிறது. ஆனால் கதைக்காக ஒரு காதலையும் சேர்த்துக்கொண்டது. குழுவின் முக்கியஸ்தரான வில்லியம் பிரட்போர்ட்டின் மனைவி டொரதிமீது கப்டன் காதல் கொள்கிறார். இதற்கு வரலாற்றுச் சான்று இல்லை. டொரதி 1620 டிசெம்பரில், கப்பல் கரையோரம் நங்கூரமிட்டிருந்தபோது, தண்ணீரில் விழுந்து இறந்தார் என்பது மட்டும்தான் தெரியும். பிற்காலத்தில் அந்தக் குடியேற்றத்தின் வரலாற்றை எழுதிய பிரட்போர்ட், மனைவியின் மரணத்தைப் பற்றி அதில் ஏறத்தாழ எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைப் பின்வந்தவர்கள் கற்பனையால் நிரப்பினார்கள்.

இன்னொரு மௌனம் இதைவிடப் பெரியது. குடியேறிகள் இறங்கிய நிலம் வெறும் நிலமல்ல. அது வம்பனோக் மக்களின் தேசம். குடியேறிகள் வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் ஐரோப்பியர் மூலம் வந்த தொற்றுநோயால் அந்த மக்களில் பெருந்தொகையானோர் இறந்தார்கள். பிளிமத் குடியேற்றம் அமைந்த இடம், அந்த நோயில் அழிந்துபோன படுக்செற் என்ற கிராமத்தின் இடம். படத்தின் கண் முழுவதும் கப்பலின்மீதே இருப்பதால் கரையில் இருந்தவர்களின் கதை அதற்குத் தேவைப்படவில்லை. 1970இலிருந்து, அமெரிக்கர்கள் நன்றி தெரிவிக்கும் நாளாகக் கொண்டாடும் அதே நாளில், பூர்வகுடி மக்கள் பிளிமத்தில் கூடித் துக்கநாள் அனுட்டித்து வருகிறார்கள்.

ஒரு கடற்பயணப் படம் செய்யக்கூடிய நன்மையையும் தீமையையும் இந்த ஒரே படத்தில் பார்க்கலாம். துன்பப்பட்டவர்களுக்கு அது முகம் கொடுக்கிறது. அதேவேளை யாருடைய துன்பம் கணக்கில் வரும் என்பதையும் அதுவே தீர்மானித்துவிடுகிறது.

வல்வெட்டித்துறையிலிருந்து அதே மாநிலத்துக்கு

மேபிளவர் சென்ற அதே மசசூசெற்ஸ் மாநிலத்துக்கு யாழ்ப்பாணத்தில் கட்டப்பட்ட கப்பல் ஒன்றும் போயிருக்கிறது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை, உலகைச் சுற்றிவந்த அமெரிக்க மாலுமி வில்லியம் அல்பேட் ரொபின்சன் விலைக்கு வாங்கினார். தன் மனைவியின் பெயரால் ‘புளோரன்ஸ் சி. ரொபின்சன்’ எனப் பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் செலுத்திச் சென்ற அந்தக் கப்பல் 1938 ஓகஸ்டில் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது.

அன்று சென்றவர்கள் குடியேறப் போகவில்லை. அவர்கள் தொழில் தெரிந்த கடலோடிகள். துறைமுகத்துக்கு வந்தவர்கள் கப்பலை வியந்து பார்த்தார்கள். அந்தப் பயணத்தை வல்வெட்டித்துறை இன்றும் பெருமையோடு நினைவுகூர்கிறது. அதற்கு ஐம்பது வருடங்கள் ஆவதற்குள், அத்திலாந்திக்கின் அதே பக்கத்தில் தமிழர் மறுபடியும் கரைசேர்ந்தார்கள். இம்முறை பாய்க்கப்பலில் அல்ல.

இரண்டு உயிர்காப்புப் படகுகள்

1986 ஓகஸ்ட் 11ஆம் திகதி கனடாவின் நியூபவுண்லாந்து கரைக்கு அப்பால், மூடுபனிக்குள், இரண்டு உயிர்காப்புப் படகுகளை மீனவர்கள் கண்டார்கள். அவற்றில் 155 தமிழர் இருந்தார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள். பெண்களும் சிறுவர்களும் இருந்தார்கள். முதலில் அவர்களிடம் சென்றது கஸ் டால்ரன் என்ற மீனவக் கப்டனின் படகு. மீட்கப்பட்டவர்கள் சென் ஜோன்ஸ் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கிருந்த மெமோரியல் பல்கலைக்கழக விடுதியில் தங்கவைக்கப்பட்டார்கள்.

தாங்கள் இந்தியாவிலிருந்து வந்ததாக அவர்கள் முதலில் சொன்னார்கள். சில நாட்களில் உண்மை வெளியே வந்தது. மேற்கு ஜேர்மனியில் புகலிடம் கேட்டிருந்தவர்கள், அங்கே எதிர்காலம் நிச்சயமில்லாததால் பணம் கட்டி ‘ஒளரிகே’ என்ற சரக்குக் கப்பலில் ஏறியிருந்தார்கள். கப்பல்காரர் அவர்களை நடுக்கடலில் படகுகளில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். இது தெரியவந்ததும் கனடாவில் எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. இருந்தும் பிரதமர் பிரையன் மல்ரோனியின் அரசு அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. தங்கியிருந்து வேலை செய்ய ஒரு வருட அனுமதி கொடுத்தது. 2016இல், முப்பதாவது ஆண்டு நினைவின்போது, கனடியத் தமிழர் நியூபவுண்லாந்துக்குச் சென்று கப்டன் டால்ரனைச் சந்தித்து நன்றி சொன்னார்கள்.

இந்தச் சம்பவத்தைப் படமாக்க வருபவர் அந்த முதல் பொய்யையும் படத்தில் வைக்கவேண்டும். திருப்பி அனுப்பப்படுவோம் என்ற பயத்தில் பிறந்த பொய் அது. அதை மறைத்தால் வருபவர்கள் வெறும் அப்பாவிகளாகத் தெரிவார்கள். அதை மட்டும் காட்டினால் ஏமாற்றுக்காரராகத் தெரிவார்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் 1983க்குப் பிறகு ஒரு தமிழ் இளைஞனுக்கு எத்தனை கதவுகள் மூடியிருந்தன என்பது பார்ப்பவருக்குப் புரியும்.

மாறிய கரை

2009 ஒக்டோபரில் ‘ஓஷன் லேடி’ என்ற கப்பல் 76 தமிழ் ஆண்களுடன் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தது. 2010 ஓகஸ்ட் 13ஆம் திகதி ‘சன் சீ’ வந்தது. தாய்லாந்திலிருந்து ஏறத்தாழ மூன்று மாதங்கள் கடலில் வந்த பழைய சரக்குக் கப்பல் அது. அதில் 492 பேர். அவர்களில் 49 பேர் சிறுவர்கள். ஒருவர் வழியில் இறந்துபோனார். முள்ளிவாய்க்கால் முடிந்து பதினைந்து மாதங்களே ஆகியிருந்தன.

1986இல் வந்தவர்களுக்குப் பல்கலைக்கழக விடுதி கிடைத்தது. 2010இல் வந்தவர்களுக்குத் தடுப்புக்காவல் கிடைத்தது. சிலர் மாதக்கணக்கிலும் சிலர் அதைவிட நீண்டகாலமும் அடைபட்டிருந்தார்கள். கப்பலில் பயங்கரவாதிகளும் ஆட்கடத்தல்காரரும் இருக்கலாம் என அரசு சொன்னது. 2012இல் சட்டமும் மாறியது. அரசு ‘ஒழுங்கற்ற வருகை’ என அறிவிக்கும் குழுவில் வந்தால், 16 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள் கட்டாயமாகத் தடுத்துவைக்கப்படுவார்கள்.

வழக்குகள் நீண்டன. 2015 நொவெம்பர் 27ஆம் திகதி கனடிய உச்சநீதிமன்றம், ஓஷன் லேடி தொடர்பான வழக்கில், ஆட்கடத்தல் சட்டப்பிரிவு அளவுக்கு மீறி விரிந்திருக்கிறது எனத் தீர்ப்பளித்தது. மனிதாபிமான உதவி செய்பவரையும், உறவினருக்கு உதவுபவரையும், பயணத்தில் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் அகதிகளையும் கடத்தல்காரராக்கக் கூடாது என்பதே அதன் சாரம். அந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட நால்வரும் 2017இல் விடுவிக்கப்பட்டார்கள். அந்தச் செய்தி கப்பல் வந்த செய்தியைப் போலத் தலைப்பாகவில்லை.

மேபிளவரில் உத்திரத்தைத் தூக்கி நிறுத்தியவர்களைப் படம் வீரர்களாகக் காட்டியது. எமது கப்பல்களில் சமைத்தவரும் இயந்திரத்தைப் பார்த்தவரும் ‘நீ கடத்தலுக்கு உடந்தையா’ என்ற கேள்விக்கு முகங்கொடுத்தார்கள்.

இருக்கும் படங்களில் யார் நாயகர்?

எமது கடற்பயணங்களைப் பற்றிப் படங்களே இல்லை என்று சொல்லமுடியாது. மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) படத்தில் கர்ப்பிணிப் பெண் ஒருவர் படகில் இராமேஸ்வரம் சேர்கிறார். ஆனால் கதை அவர் விட்டுச்செல்லும் குழந்தையைப் பற்றியது. 2015இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்ற ‘தீபன்’ படத்தில் அல்லைப்பிட்டியைச் சேர்ந்த எழுத்தாளர் ஷோபாசக்தி நாயகனாக நடித்தார். அந்தப் படமும் பயணத்தைத் தாண்டிச் சென்று பிரான்ஸில்தான் நிலைகொள்கிறது. 2025இல் வெளிவந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ இராமேஸ்வரக் கரையில் இறங்கும் குடும்பத்தோடு தொடங்கி நகைச்சுவையாகச் சென்னைக்குப் போகிறது. மூன்றிலும் கடல் என்பது கடந்துபோகும் ஒரு காட்சி.

கடலையே மையமாக வைத்த ஒரு படைப்பு இத்தாலியில் வந்தது. 1996 டிசெம்பர் 25ஆம் திகதி அதிகாலை, மால்ராவுக்கும் சிசிலிக்கும் இடையே, ஆட்களை நெருக்கி ஏற்றிய சிறிய படகொன்று மூழ்கியது. ஏறத்தாழ 283 பேர் இறந்தார்கள். இந்தியர், பாகிஸ்தானியர், இலங்கைத் தமிழர் அதில் இருந்தார்கள். அப்படியொரு விபத்து நடந்ததாகவே அதிகாரிகள் நீண்டகாலம் ஏற்கவில்லை. வலைகளில் சடலங்கள் சிக்கியபோது, விசாரணையில் தொழில் கெட்டுவிடும் என்று மீனவர்கள் அவற்றைக் கடலிலேயே விட்டார்கள். பின்னர் ஒரு மீனவரின் வலையில் தமிழ் இளைஞர் ஒருவரின் அடையாள அட்டை அகப்பட்டது. அந்த மீனவர் வாய்திறந்தார். 2001இல் பத்திரிகையாளர் ஜியோவானி மரியா பெல்லு, நீருக்கடியில் செல்லும் கமெராவால் மூழ்கிய படகைப் படம்பிடித்து உலகுக்குக் காட்டினார். அவரது நூலை அடியொற்றி 2017இல் இத்தாலிய அரச தொலைக்காட்சி ஒரு தொடரை ஒளிபரப்பியது. அதன் நாயகர் மீனவர். அது நியாயமான தெரிவுதான். ஆனால் அந்த அடையாள அட்டைக்குரியவரின் தாய் எந்த ஊரில், எத்தனை வருடம், எந்தக் கடிதத்துக்காகக் காத்திருந்தார் என்பதை எடுக்கவேண்டியவர்கள் நாங்கள்.

இன்னொரு வகைப் படமும் உண்டு. ‘த ஜேர்னி’ என்ற தொலைக்காட்சிப் படத்துக்கு அவுஸ்திரேலிய அரசு சுமார் 6 மில்லியன் டொலர் செலவிட்டது. 2016இல் ஆப்கானிஸ்தான் உள்ளிட்ட நாடுகளில் அது ஒளிபரப்பானது. படகில் வருபவர்கள் கடலில் சாவதைக் காட்டி, வராதே என்று சொல்வதே அதன் நோக்கம். கடல் ஆபத்தானது என்பது பொய்யல்ல. ஆனால் ஏன் ஏறினார்கள் என்ற கேள்வியைக் கேட்காமல் எப்படிச் சாவார்கள் என்று மட்டும் காட்டும் படம், அகதியை அவருடைய சொந்த முட்டாள்தனத்துக்குப் பலியானவராக ஆக்கிவிடுகிறது.

சாட்சிகள் இருக்கும்போதே

1914இல் 376 பயணிகளோடு வன்கூவர் வந்து, இரண்டு மாதங்கள் இறங்கவிடாமல் தடுக்கப்பட்டு, திருப்பி அனுப்பப்பட்ட ‘கொமகாட்டா மாரு’ கப்பலைப் பற்றி அலி கஸிமி 2004இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார். பயணிகளில் பேசக்கூடியவர் எவரும் அப்போது இல்லை. சில நிழற்படங்கள், அரச ஆவணங்கள், தேடிக் கண்டெடுத்த அரிய படச்சுருள் ஆகியவற்றைக் கொண்டே அவர் அதை எடுக்க வேண்டியிருந்தது. தொண்ணூறு வருடத் தாமதத்தின் விலை அது.

எமக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை. 1986இல் இருபது வயதில் படகில் இருந்தவர்கள் இன்று அறுபதைத் தொட்டிருக்கிறார்கள். சன் சீயில் வந்த சிறுவர்கள் இளைஞர்களாகிவிட்டார்கள். அவர்களை அனுப்பிவைத்த பெற்றோர் பலர் வடமராட்சியிலும் தீவகத்திலும் வன்னியிலும் முதுமையில் இருக்கிறார்கள். நகை அடகு வைத்தது, காணி ஈடு வைத்தது, ஏஜென்சிக்காரரிடம் தவணையாகக் கட்டியது, தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருந்தது ஆகியவை அவர்களுக்குத்தான் தெரியும். பயணத்தின் பாதிக் கதை கரையில் நின்றவர்களிடம் இருக்கிறது.

பதிவு செய்ய விரும்பும் குடும்பங்கள் படப்பிடிப்புக் குழுவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கைத்தொலைபேசியில் குரலைப் பதிவுசெய்தாலே போதும். புறப்பட்ட திகதி, துறை, கப்பலின் பெயர், கொடுத்த பணம், சாப்பிட்டது, கூட இருந்தவர்கள், வழியில் இறந்தவர்கள் என வரிசையாகக் கேட்கலாம். கடிதம், நிழற்படம், முகாம் அட்டை, நீதிமன்றத் தாள் ஆகியவற்றைப் பிரதி எடுத்து வைக்கலாம். வாய்மொழி வரலாறுகளைப் பேணும் நூலகம் நிறுவனம் போன்ற இடங்கள் இருக்கின்றன. ஒரு விடயத்தில் மட்டும் கவனம் தேவை. வதிவிட வழக்கு முடியாதவர்களின் பெயரையோ முகத்தையோ அவர்களின் சம்மதமின்றி வெளியிடக்கூடாது. பேச விரும்பாதவரை வற்புறுத்தவும் கூடாது. டொரதியின் மரணத்தைப் பற்றிப் பிரட்போர்ட் பேசாததற்கும் ஒரு காரணம் இருந்திருக்கும்.

ஒருநாள் எமது கடற்பயணப் படம் வரும். அது மேபிளவர் படத்தைப் போல இறங்கிய கரையை வெற்று நிலமாகக் காட்டக்கூடாது. நியூபவுண்லாந்தின் பூர்வகுடியான பியோதுக் மக்கள், ஐரோப்பியக் குடியேற்றத்தின் பின் ஒரு மக்கட்கூட்டமாகவே இல்லாமல் போனவர்கள். நிலம் இழந்து புறப்பட்ட நாம், நிலம் இழந்த இன்னொருவரின் கரையில்தான் இறங்கினோம். அவர்களிடமிருந்து நாம் அதைப் பறிக்கவில்லை, புகலிடம்தான் கேட்டோம். இருந்தாலும் அந்த வேறுபாட்டையும் அந்த ஒற்றுமையையும் சேர்த்துச் சொல்ல எம்மால்தான் முடியும். அதற்கான சாட்சியங்கள் இப்போதைக்கு எமது உறவினர்களின் நினைவில் இருக்கின்றன. அடுத்த முறை வெளிநாட்டிலிருந்து அழைப்பு வரும்போது, சுகம் விசாரித்த பிறகு, கப்பலைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்கலாம்.