குவாத்தமாலாவின் பொலிஸ் ஆவணங்கள்

2005 ஜூலையில் குவாத்தமாலா நகரப் பொலிஸ் வளாகமொன்றில் களஞ்சியப்படுத்தப்பட்டிருந்த வெடிபொருட்களைப் பரிசோதிக்கச் சென்ற மனித உரிமை அலுவலக உத்தியோகத்தர்கள், அங்கு ஈரமேறி, பூஞ்சணம் பிடித்துக் குவிந்து கிடந்த கடதாசிக் கட்டுகளைக் கண்டார்கள். தேசிய பொலிஸின் ஏறத்தாழ 8 கோடிப் பக்க ஆவணங்கள் அவை. 36 வருடகால உள்நாட்டுப் போரில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமல்போயினர் என்று மதிப்பிட்ட உண்மை ஆணைக்குழு கேட்டபோது, அத்தகைய ஆவணங்கள் எவையும் இல்லையென்றே அரச தரப்பு கூறியிருந்தது. அதிகாரபீடங்கள் எல்லாவற்றையும் எழுதிவைப்பதும் பிறகு எழுதியதை மறுப்பதும் எமக்கும் பரிச்சயமான விடயமே.

1984 இல் காணாமல்போன தொழிற்சங்கவாதி எட்கர் பெர்னாண்டோ கார்சியாவின் வழக்கில் அந்தக் கடதாசிகளே சாட்சி சொல்லின. 2010 இல் முன்னாள் பொலிஸார் இருவருக்குத் தலா 40 வருட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

மூலங்கள் நாட்டிலேயே இருக்க, சுமார் ஒரு கோடிப் பக்கங்களின் மின்பிரதிகளை அமெரிக்காவின் ரெக்சாஸ் பல்கலைக்கழகம் 2011 டிசம்பரில் இணையத்தில் திறந்துவைத்தது. 1954 இல் அந்நாட்டின் மக்களாட்சியைக் கவிழ்ப்பதற்குத் துணைநின்ற வாஷிங்டனின் மண்ணில் அந்தப் பிரதிகள் அடைக்கலம் பெற்றமை ஒரு வரலாற்று முரண்நகைதான். ஆனாலும், 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்துடன் பிரதியில்லாத ஓலைச்சுவடிகளும் எரிந்ததை அறிந்த என்னால் அந்த ஏற்பாட்டைக் குறைகூற இயலவில்லை.

2018 ஆகஸ்டில் காப்பகத்தின் பணிப்பாளர் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். பணியாளர்களின் எதிர்காலமும் கேள்விக்குறியானது. ரெக்சாஸிலிருந்த பிரதிகளை அந்த நிர்வாக மாற்றம் தீண்டவில்லை.