லயத்து வாசலும் 555 புத்தகமும்

வில்லியம் கேமரன் இந்த மலைப்பகுதியில் நில அளவை செய்தது 1885-இல். ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929-இல். அதன்பின் தாப்பா சாலை வழியாக லாரியில் வந்த அரிசி, பருப்பு, கருவாட்டை நம்பித்தான் லயத்து வீடுகளில் அடுப்பு எரிந்தது. அந்தச் சரக்கோடு மலையேறிய வியாபாரிகளில் நம் சமுதாயத்தவரும் இருந்தார்கள்.

1948 முதல் 1960 வரை அவசரகாலம். காட்டிலிருந்த போராளிகளுக்கு உணவு போகாமலிருக்க மலாயாவின் பல பகுதிகளில் அரிசிக்குக் கட்டுப்பாடு வந்தது. டின் உணவை விற்கும்போதே கடைக்காரர் துளையிட்டுக் கொடுக்க வேண்டும். பதுக்கி வைக்க முடியாது. யார் எதை வாங்கினார் என்றும் எழுதி வைக்க வேண்டும்.

பிறகு வந்த கணக்கு வேறு வகை. அட்டையில் 555 என்று அச்சிட்ட சிறு புத்தகம் கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று. தொண்ணூறுகளில் நான் சிறுவனாக அத்தாவின் வேனில் போவேன். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் ஹாரன் சத்தம் கேட்டு வாசலுக்கு வருவார்கள். நெத்திலி, சார்டின், மைலோ, ரொட்டி எல்லாம் கைமாறும். "எழுதிக்குங்க பாய்" என்பார்கள். சம்பள நாளில்தான் காசு.

இதில் நன்மை மட்டும் இருந்தது என்று சொல்ல மாட்டேன். கடனுக்கு விலை கூட்டி எழுதிய கடைகளும் இருந்தன. பாக்கி இருக்கும்வரை அந்தக் குடும்பம் வேறு கடைக்குப் போக முடியாது.

2000-க்குப் பிறகு சிம்பாங் பூலாய் சாலையும் வந்தது. பிள்ளைகள் படித்துப் பட்டணம் போனார்கள். தோட்ட வேலைக்கு வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா நாட்டவர் வந்தார்கள். எங்கள் தட்டில் நல்லெண்ணெய் குறைந்து கடுகெண்ணெய் கூடியது.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. வீட்டுக்கு ஒருவர்தான் வெளியே போகலாம். வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்தது. சாமான்களை மீண்டும் வாசலில் கொண்டுபோய் வைத்தோம். இன்று கைப்பேசியில் சொன்னால் பொருள் வீடு தேடி வருகிறது. விலையை ஒப்பிட்டு வாங்கலாம், நல்லதுதான். ஆனால் சம்பள நாள் வரை அது காத்திருக்காது.

அத்தா மவுத்தானபோது பெட்டியில் பழைய 555 புத்தகங்கள் இருந்தன. மலையிறங்கிப் போன குடும்பங்களின் பாக்கி. ஒரு வீட்டு மகன் பல வருடம் கழித்துத் தேடி வந்து, தாயின் கணக்கைத் தீர்த்தார். மற்றவற்றை அத்தா முன்பே மன்னித்துவிட்டதாக உம்மா சொன்னார். கடனை எழுதி வைக்கச் சொல்லும் நம் மார்க்கம்தான், சிரமப்படுபவருக்கு அவகாசம் கொடுக்கவும், முடிந்தால் விட்டுவிடவும் சொல்கிறது.

ஐம்பது ஆண்டு காணும் நம் சங்கத்தின் குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டில் அப்படி ஒரு புத்தகம் இருந்தால் வீசிவிடாதீர்கள். தோட்டத்து மக்கள் என்ன சாப்பிட்டார்கள், நாம் அவர்களிடம் எப்படி நடந்துகொண்டோம் என்பது அதில்தான் இருக்கிறது.